மூன்று மெய்யும் ஒரு பொய்யும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் பஸ் பிரயாணம் செய்திருக்கும் நேயர்கள் கீழ்பென்னாத்தூரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்ததாக ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். மேற்கே திரும்பினால் அண்ணாமலை. கிழக்கே போனால் செஞ்சிக் கோட்டை. இவ்விரண்டு பெருமைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட ஊரில் இறங்கிப் பார்க்கத் தக்க விசேஷம் ஒன்றும் இல்லை என்பது பிரயாணிகளின் தீர்மானம். நெல் வயலும், கரும்புத் தோட்டமும், வெளியூரார் வேர்க்கடலை என்றும் நம்மூரார் மல்லாட்டை என்றும் சொல்லும் பயிரும், அவற்றுக்குத் தண்ணீர் தரும் ஓர் ஏரியும் எந்த ஊரில்தான் இல்லை?

இந்தக் குறையை நீக்கி, நம் ஊருக்கும் ஒரு பெருமை தேடித் தந்துவிட வேண்டும் என்று நாம் ஒரு காரியம் செய்தோம். அதனால் பெருமை வரவில்லை, வெட்கம் வந்தது. அந்த வெட்கத்திலிருந்து கற்றுக்கொண்டது சிறிது உண்டு. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நாம் ஒரு காமிராவும், அதைவிட விலை கூடிய தூரதிருஷ்டி லென்ஸ் ஒன்றும் வாங்கினோம். "ஓய்வூதியத்தைக் காக்கைக்கும் கொக்குக்கும் கொடுத்துவிட்டார்" என்று வீட்டில் சொன்னார்கள். சொன்னதில் தவறு இல்லை. விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போவதும், வேலிகாத்தான் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொள்வதும், வெயில் ஏறிய பிறகு வீடு திரும்புவதும் நமது நித்திய கர்மமாயின. நூறு படங்களில் தொண்ணூற்றொன்பது வீண். பறவை பறந்துபோன பிறகு அது உட்கார்ந்திருந்த கிளையை மிகத் தெளிவாகப் படம் பிடிப்பதில் நமக்கு நிகர் யாரும் இல்லை.

ஆயினும் சில படங்கள் தேறின. தேறியவற்றை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் முப்படம் என்னும் யோசனை நம்மைப் பிடித்துக்கொண்டது.

மேல்நாட்டில் இதை 'டிரிப்டிக்' என்பார்கள். மூன்றாக மடிந்தது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். கீல் வைத்து இணைத்த மூன்று பலகைகள், நடுப்பலகை அகலமானது, பக்கப் பலகைகள் இரண்டும் ஜன்னல் கதவுகளைப்போல் அதன்மேல் வந்து மூடிக்கொள்ளும். ஐரோப்பாவின் மாதா கோயில்களில் இப்படிப்பட்ட சித்திரங்கள் பல உண்டு. ஹிரோனிமஸ் பாஷ் என்ற ஓவியர் 1500-ம் வருஷத்தையொட்டி எழுதிய ஒன்று இப்போது மாட்ரிட் நகரத்துப் பிராடோ சித்திரசாலையில் இருக்கிறது. கதவுகளை மூடினால் சாம்பல் நிறத்தில் ஒரு பூகோளம் தெரியும். திறந்தாலோ கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள். இடப்புறத்துப் பலகையில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்கின்றன. அந்த ஒட்டகச்சிவிங்கியை ஓவியர் நேரில் கண்டு எழுதவில்லை, எகிப்துக்குப் போய்வந்த ஒரு யாத்திரிகரின் படத்தைப் பார்த்து எழுதினார் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தச் சிறு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். அடுத்தவர் கண்ணைக் கடன் வாங்கும் பழக்கம் நம்மோடு ஆரம்பித்ததன்று.

புகைப்படக்காரர்கள் கீலையும் கதவையும் விட்டுவிட்டு, மூன்று என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதிலும் பல வகை உண்டு. ஒரே படத்தை மூன்று துண்டாக வெட்டி மாட்டுவது ஒரு வகை. ஹோட்டல் கூடங்களில் காணலாம். யானையின் தும்பிக்கை ஒரு சட்டத்திலும், வயிறு ஒரு சட்டத்திலும், வால் ஒரு சட்டத்திலுமாக அது படும் பாட்டைப் பார்த்தால் இரக்கம் உண்டாகும். ஒரே பிராணியை மூன்று தருணங்களில் எடுத்து வரிசையாக வைப்பது இன்னொரு வகை. ஒரே இடத்தில் வாழும் மூன்று பிராணிகளைச் சேர்த்து வைப்பது மற்றொரு வகை. ஒரு படம், "இதோ ஒரு நாரை" என்று மட்டும் சொல்லும். மூன்று படங்கள் சேர்ந்தால், "நாரை வந்தது, மீனைப் பிடித்தது, போயிற்று" என்று கதை சொல்லத் தொடங்கிவிடும். வனவிலங்குப் படம் எடுப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின்மேல் மோகம் வருவதற்குக் காரணம் இதுதான்.

சேர்ப்பதற்கு விதிகளும் இருக்கின்றன. இடப்புறத்துப் பறவை வலப்புறம் பார்க்க வேண்டும். வலப்புறத்துப் பறவை இடப்புறம் பார்க்க வேண்டும். இரண்டும் வெளியே பார்த்தால், பார்ப்பவர் கண்ணும் சட்டத்தைவிட்டு வெளியே ஓடிவிடும். மூன்று படங்களிலும் நீரும் வானமும் சந்திக்கும் கோடு ஒரே மட்டத்தில் இருப்பது நலம். வெளிச்சம் ஒன்றில் காலை வெயிலாகவும் ஒன்றில் உச்சி வெயிலாகவும் இருந்தால் ஒட்டாது. படங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடம் எல்லாவற்றிலும் சமமாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நன்றாகப் படித்துக்கொண்டு, திருவண்ணாமலையில் நமக்குப் பழக்கமான பிரேம் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு நம்மைவிட வயது அதிகம். நாம் டிரிப்டிக்கைப்பற்றிப் பிரசங்கம் செய்து முடிக்கும்வரையில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தலைக்குமேல் மாட்டியிருந்த படத்தைச் சுட்டிக் காட்டினார். நடுவில் லக்ஷ்மி, ஒரு பக்கம் சரஸ்வதி, மறு பக்கம் பிள்ளையார்.

"எங்கப்பா காலத்திலேயிருந்து இதைத்தானே ஸார் போட்டுக்கிட்டு வர்றோம்? உங்களுக்கு நடுவிலே யாரு?" என்றார்.

"இன்னும் நிச்சயிக்கவில்லை" என்றோம்.

"அதை முதல்லே நிச்சயம் பண்ணுங்க. நடுவிலே இருக்கிற படந்தான் ஸார் பேசும். பக்கத்துப் படம் ரெண்டும் ஆமாம் போடும்."

இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்த எச்சரிக்கையை நாம் அன்று உணரவில்லை. நல்ல உபாயம் ஒன்று கிடைத்தது என்றே சந்தோஷப்பட்டோம்.

வருஷந்தோறும் அக்டோபர் 2 முதல் 8 வரையில் நாடெங்கும் வனவிலங்கு வாரம் கொண்டாடுகிறார்கள் அல்லவா? அதையொட்டி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு கண்காட்சி வைப்பதென்று ஏற்பாடாகியிருந்தது. நம்முடைய படங்களையும் கேட்டார்கள். "எங்கள் ஏரி" என்ற தலைப்பில் ஒரு முப்படம் தருவதாக ஒப்புக்கொண்டோம்.

இடப்புறத்துப் படம் தயாராயிருந்தது. விடியற்காலை, ஏரி நீர், தூரத்தில் அண்ணாமலையின் நிழலுருவம், நீர்மேல் தாழப் பறக்கும் இரண்டு கொக்குகள். வலப்புறத்துப் படமும் இருந்தது. மதகின் கல்தூண்மேல் மீன்கொத்தி ஒன்று அலகில் மீனுடன் உட்கார்ந்திருந்தது. இரண்டும் நம் ஏரியில், நம் கையால் எடுத்தவை. நடுவில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. நம் ஏரியில் நாம் பார்த்த பறவைகளெல்லாம் ஒன்றும் இரண்டுமாக வருகிறவை. நடுப்பலகைக்குக் கூட்டம் வேண்டும், கோலாகலம் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அதற்கு முந்திய ஜனவரியில் நாம் வேடந்தாங்கலுக்குப் போயிருந்தோம். செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அந்த ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான் இருக்கும். ஆனால் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும், சங்குவளை நாரையும், நத்தைகுத்தி நாரையும், கரண்டிவாயனும், நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். அந்தப் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் அவ்வூர் ஜனங்களே. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். துப்பாக்கிக்காரர்கள் வந்து சுட்டபோது அவர்கள் முறையிட்டார்கள் என்றும், 1798-ம் வருஷத்தில் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. 2022-ம் வருஷம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் வேடந்தாங்கல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ஜாபிதாவில் சேர்ந்தது.

அங்கே நாம் எடுத்த படம் ஒன்றில், மரம் கொள்ளாத கூழைக்கடாக்களும் நாரைகளும் இருந்தன. காலை வெயில். நீர்க்கோடு நம் படங்களின் மட்டத்திலேயே அமைந்திருந்தது. நீரின் நிறம்கூட ஒத்துப்போயிற்று. நேயர்கள் ஊகித்திருப்பார்கள். அதை எடுத்து நடுவில் வைத்தோம். மனச்சாக்ஷி லேசாக முணுமுணுத்தது. "பறவைக்கு ஊர் உண்டா? வேடந்தாங்கல் நாரை நம் ஏரிக்கும் ஒருநாள் வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டு அதன் வாயை அடைத்தோம். பிரேம் கடைக்காரர் தேக்குச் சட்டம் போட்டு, மிக அழகாகச் செய்து கொடுத்தார். கீழே "எங்கள் ஏரி — கீழ்பென்னாத்தூர்" என்று எழுதி ஒட்டினோம்.

கண்காட்சியில் நமக்குக் கிடைத்த மரியாதையை வர்ணிக்க நாணமாயிருக்கிறது. "நம்ம ஏரியிலா இவ்வளவு பறவை!" என்று ஊரார் வியந்தார்கள். உபாத்தியாயர்கள் கைகுலுக்கினார்கள். மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஓர் அன்பர் தம் கைப்பேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். நம் ஊருக்குப் பெருமை வந்துவிட்டது என்றே நினைத்து, இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி நம்மைத் தேடி வந்தாள். ஏரி மதகைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடும் பெரியவரின் பேத்தி அவள். பெரியவருக்கு எண்பது வயதுக்குக் குறைவிராது. ஏரியில் தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் அவர் அறிந்ததுபோல் வேறு யாரும் அறிந்திருக்க முடியாது.

"ஸார், அந்தப் பெரிய பறவையெல்லாம் நம்ம ஏரியிலே எந்தப் பக்கம் ஸார் உட்காருது?" என்று கேட்டாள்.

"எதற்கம்மா கேட்கிறாய்?"

"தாத்தாகிட்டே படத்தைப்பத்திச் சொன்னேன் ஸார். ரெண்டு நாளா விடியறதுக்கு முன்னாடியே எழுந்து கரைக்குப் போறாரு. கரையைச் சுத்தி வந்துட்டாரு. ஒண்ணும் தெரியலியாம். 'அவ்வளவு பெரிய பறவை எனக்குத் தெரியலியே, கண்ணு போயிடுச்சி போல இருக்குது'ன்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்கு அழைச்சிக்கிட்டுப் போகலாமான்னு அம்மா கேட்கிறாங்க. எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா நான் கையைப் பிடிச்சி அழைச்சிக்கிட்டுப் போய்க் காட்டிடுவேன்."

நாம் என்ன பதில் சொன்னோம் என்பது நமக்கே ஞாபகம் இல்லை. நாளைக் காலையில் வருகிறேன் என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எண்பது வருஷம் பார்த்த ஏரியை ஒரு மனிதர் சந்தேகிக்கவில்லை; நம் படத்தையும் சந்தேகிக்கவில்லை; தம் கண்ணையே சந்தேகித்துவிட்டார். படத்துக்கு அவ்வளவு செல்வாக்கு! எழுத்தில் பொய் இருக்கலாம் என்று எல்லாருக்கும் தெரியும். புகைப்படத்தில் பொய் இருக்குமென்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வக்கீலைப்போல் நமக்காக நாமே வாதாடிப் பார்த்தோம். இயற்கைப் புகைப்படம் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், சர்வதேசப் புகைப்படச் சம்மேளனமும், இங்கிலாந்தின் ராயல் புகைப்படச் சங்கமும் 2014-ம் வருஷத்தில் சேர்ந்து ஒரு பொது இலக்கணம் வகுத்தன. படத்தில் எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது; இடம் மாற்றக் கூடாது; ஓரத்தை வெட்டுவது தவிர வேறு வகையில் எதையும் நீக்கக் கூடாது என்பது அதன் சாரம். நம்முடைய மூன்று படங்களும் அந்த இலக்கணத்தின்படி பரிசுத்தமானவை. ஓர் இறகைக்கூட நாம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொக்கு மெய், மீன்கொத்தி மெய், கூழைக்கடாவும் மெய். ஆனால் மூன்று மெய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது ஒரு பொய் பிறந்துவிட்டது. அது எந்தப் படத்திலும் இல்லை. படங்களுக்கு நடுவே நாம் விட்ட வெள்ளை இடத்தில் இருந்தது.

மூன்று படங்களை ஒரு சட்டத்தில் மாட்டுகிறவன் வாய் திறக்காமலே ஒரு சத்தியம் செய்கிறான். "இவை ஒன்றைச் சேர்ந்தவை" என்பது அந்தச் சத்தியம். அது உண்மையாயிருந்தால், தனிப் படம் காட்ட முடியாததை வரிசை காட்டிவிடும். 1878-ம் வருஷம் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைப் பன்னிரண்டு காமிராக்களால் வரிசையாகப் படம் எடுத்தார். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு க்ஷணம் தரையைவிட்டு எழும்புகின்றன என்பது அப்போதுதான் உறுதிப்பட்டது. மனிதக் கண்ணால் காண முடியாததை அந்த வரிசை கண்டது. ஏன்? ஒரே குதிரை, ஒரே ஓட்டம், காமிராக்களுக்கு நடுவே சமமான இடைவெளி. ஒரு படத்தை வேறொரு குதிரையின் படமாக மாற்றி வைத்திருந்தால் அத்தனையும் பாழ்.

நம் நாட்டில் புலிகளைக் கணக்கெடுப்பதும் இப்படித்தான். காட்டு வழியின் இரு பக்கத்திலும் எதிரெதிராக இரண்டு தானியங்கிக் காமிராக்களைக் கட்டிவைக்கிறார்கள். புலியின் இடப்பக்கத்து வரிகள் வேறு, வலப்பக்கத்து வரிகள் வேறு. இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் ஆளை நிச்சயிக்கலாம். 2018-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் காமிரா வைத்து, 3 கோடியே 48 லட்சத்துக்குமேல் படங்கள் எடுத்தார்கள். அத்தனை படங்களில், ஒரு புலியின் இடப்பக்கத்தையும் மற்றொரு புலியின் வலப்பக்கத்தையும் தவறாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? எந்தக் காட்டிலும் இல்லாத ஒரு புலி காகிதத்தில் பிறந்துவிடும். நாம் செய்ததும் அதுவே. எந்த ஊரிலும் இல்லாத ஓர் ஏரியைப் பிறப்பித்து, அதற்குக் கீழ்பென்னாத்தூர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

இவ்வளவு தூரம் போவானேன்? மேற்கே தெரிகிற மலையின் கதையே இதுதான் என்பது விடியும் நேரத்தில் தோன்றிற்று. சிவாலயங்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவர் இருப்பதை நேயர்கள் தரிசித்திருப்பார்கள். நடுவே ஜோதிஸ்தம்பம், மேலே அன்னம், கீழே பன்றி. சிற்பிகள் கல்லிலே செய்த முப்படம் என்று அதைச் சொல்லலாம். பன்றியாய்ப் பூமியைக் குடைந்த திருமால் அடி காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாய்ப் பறந்த பிரமனோ, முடியைக் கண்டதாகச் சொல்லித் தாழம்பூவைச் சாக்ஷிக்கு அழைத்தான். தாழம்பூ சிவன் முடியிலிருந்து விழுந்தது என்னவோ மெய்தான். பூவும் மெய், அது வந்த இடமும் மெய். எதற்குச் சாக்ஷியாக அது நிறுத்தப்பட்டதோ அதுதான் பொய். அதற்காகவே சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை என்பார்கள். சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, பாவம், பூவுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று நினைத்ததுண்டு. நம் கூழைக்கடாக்களைச் சாக்ஷிக் கூண்டில் ஏற்றிய பிறகு காரணம் விளங்கிற்று.

பொழுது விடிந்ததும் பெரியவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, அந்தப் பறவைகள் நம் ஏரியில் இல்லை. வேடந்தாங்கலில் எடுத்த படம். நான்தான் நடுவில் சேர்த்துவிட்டேன். உங்கள் கண்ணில் குற்றம் ஒன்றும் இல்லை. குற்றம் என்னுடையது" என்றோம்.

கோபிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சிறிது நேரம் நம் முகத்தைப் பார்த்தார். பிறகு பொக்கை வாய் திறந்து சிரித்தார்.

"அப்படின்னா எங் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா ஐயா?" என்றார். உள்ளே திரும்பி, "ஆஸ்பத்திரி வேணாம்மா!" என்று மருமகளிடம் உரக்கச் சொன்னார்.

அவர் திட்டியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும். காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு, "நம்ம ஏரியிலே என்ன இருக்குதுன்னு யாரும் கேட்கிறதில்லைங்க. கேட்டா நான் சொல்லுவேன்" என்றார்.

கேட்டோம். அந்த ஒரு வருஷம் முழுவதும் கேட்டோம். கண்காட்சியிலிருந்து படத்தை இறக்கி, தலைமை உபாத்தியாயரிடம் காரணத்தையும் சொல்லிவிட்டு, பெரியவரை நம் ஆசிரியராக வைத்துக்கொண்டோம். காமிராவை மதகின் பக்கத்தில் ஒரே கல்லின்மேல் வைத்து, ஒரே திசையைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று நமக்கு நாமே ஒரு நியமம் வகுத்துக்கொண்டோம். எதை எடுப்பது, எப்போது எடுப்பது என்பது அவர் பொறுப்பு.

முதல் படம் கார்த்திகை மாதத்தில், மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்த வாரத்தில் எடுத்தது. மழை நன்றாகப் பெய்து ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. நீரில் மூழ்கிய கருவேல மரத்தின் உச்சிக் கிளையில் நீர்க்காகம் ஒன்று இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் இறகுகள் நீரில் நனைந்துபோகும் தன்மை உடையவை. முங்கி மீன் பிடிப்பதற்கு அது அனுகூலம். ஆகையால் ஒவ்வொரு முக்குக்குப் பிறகும் அது இப்படித் துணி உலர்த்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது படம் மாசியில் எடுத்தது. தண்ணீர் பாதிக்குமேல் இறங்கிச் சேறு வெளிப்பட்டிருந்தது. "இப்போ வரும் பாருங்க, நத்தை பொறுக்கி" என்றார் பெரியவர். சொன்ன நான்காம் நாள் நத்தைகுத்தி நாரை ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும் விசித்திரப் பறவை அது. சேற்றிலிருந்து நத்தையை எடுத்து, ஓட்டிலிருந்து சதையைப் பிரித்து விழுங்கிக்கொண்டு, நம்மைப் பொருட்படுத்தாமல் ஒரு மணி நேரம் உலாவிற்று.

மூன்றாவது படத்தை வைகாசியில் எடுத்தோம். ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இங்கே எடுக்க என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டோம். "கத்துது பாருங்க" என்றார் பெரியவர். ஆள்காட்டிக் குருவி. வெடித்த தரையின்மேல் ஒற்றையாய் நின்று, நம்மைப் பார்த்து ஓயாமல் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் கற்களுக்கு நடுவே முட்டையிட்டு விடுகிறது. முட்டை அருகில்தான் இருக்க வேண்டும். கிட்டே போகலாமா என்று கேட்டோம். "வேணாங்க ஐயா. நாம போனா அது எழுந்திருக்கும், அது எழுந்தா வெயில்லே முட்டை வெந்துடும்" என்றார். தூரத்தில் இருந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். முட்டை படத்தில் இல்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் குமாரர், 1912-ல் பிறந்து 1996-ல் காலமானவர், 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் தம் மறைவு வரையில், நாற்பத்தாறு வருஷம், இயற்கையைப்பற்றிய பத்தி ஒன்றை எழுதிவந்தார். பல உறுப்புகளை ஒட்டித் தாமே அமைத்துக்கொண்ட காமிராவால் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். யானையைப்பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையைப்பற்றியும் அணிலைப்பற்றியும் எழுதினார். நம் வாசல் மரத்தில் இருப்பதும் பார்க்கத் தக்கதே என்பதை அவரிடமிருந்து நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். படித்தும் நடுப்பலகைக்குக் கூட்டம் தேடி வேடந்தாங்கலுக்கு ஓடினோமே, அதை என்னவென்று சொல்வது!

மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பிரேம் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேஜைமேல் பரப்பிப் பார்த்தார்.

"முந்தியது இதைவிட அழகா இருந்தது ஸார்" என்றார்.

"ஆமாம்" என்றோம்.

"சரி, நடுவிலே யாரு?"

"மாசி மாதம்" என்றோம். "கார்த்திகைக்கும் வைகாசிக்கும் நடுவில் வேறு எதை வைக்கமுடியும்?"

அவர் சிரித்துக்கொண்டு அளவெடுக்கத் தொடங்கினார். பழைய தேக்குச் சட்டத்தையே கழற்றி, இந்தப் படங்களை அதில் பொருத்தினார். நீர்க்கோடு மூன்றிலும் ஒரே மட்டத்தில் இல்லை. நீர்தான் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறதே! ஆனால் தூரத்து மலை மூன்றிலும் அதே இடத்தில் நிற்கிறது. ஒவ்வொரு படத்தின் கீழும் மாதத்தையும் பறவையின் பெயரையும் எழுதினோம். "ஒரே கல்லின்மேல் நின்று எடுத்தவை" என்று அடியில் ஒரு வரி சேர்த்தோம்.

அடுத்த வனவிலங்கு வாரத்தில் அதே பள்ளிக்கூடத்தில், அதே ஆணியில் அதை மாட்டினார்கள். சென்ற வருஷத்துக் கூட்டம் இந்த முறை அதன்முன் கூடவில்லை. ஆகா என்றவர்கள் மிகச் சிலர். "போன வருஷம் நிறையப் பறவை இருந்ததே, இப்போது எங்கே?" என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னோம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நாக்கு சற்றுக் கசந்தது, அது நியாயமே.

கடைசி நாள் சாயங்காலம் பெரியவர் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். படத்தின் முன் நெடுநேரம் நின்றார். முதல் படத்தைப் பார்த்தார், தலையை அசைத்தார். நடுப்படத்துக்கு வந்து, "வந்தான் பாரு" என்றார். மூன்றாவது படத்தினருகே குனிந்து, கண்ணாடியில் மூக்கு இடிக்கும்படி உற்றுப் பார்த்தார்.

"முட்டை இங்கே இருக்குது ஐயா" என்று ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

நமக்குத் தெரியவில்லை. சிறுமியும் குனிந்து பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை. உபாத்தியாயர் ஒருவர் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். வெடித்த மண்ணுக்கும் சரளைக் கல்லுக்கும் நடுவே, மண் நிறத்திலேயே, புள்ளி போட்ட இரண்டு முட்டைகள் இருந்தன. படம் எடுத்தபோது நாம் பார்க்கவில்லை. சட்டம் போட்டபோதும் பார்க்கவில்லை.

பெரியவருடைய கண் நன்றாகத்தான் இருக்கிறது.